திரிகையும் கஸலும்: சிறையில் பதப்பட்ட உள்ளங்கள்



வேலூருக்குக் கிழக்கே மேல்விஷாரம், ராணிப்பேட்டை. மேற்கே பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. இந்த ஊர்களில் பிறந்து வளர்ந்த எவருக்கும் தோலைப் பற்றிப் பிறர் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பச்சைத் தோல் வந்து இறங்கும்போது அதன் வாடையை நாம் அறிவோம். உப்பிட்டு, ஊறவைத்து, சுண்ணாம்புத் தொட்டியில் இட்டு, மயிர் களைந்து, சதை நீக்கி, பின்னர் பட்டைச் சாற்றிலும் கடுக்காயிலும் பதப்படுத்துவதை நம் பாட்டன்மார் கையாலேயே செய்தனர். இன்று மருந்துகள் மாறியுள்ளன, இயந்திரங்கள் வந்துள்ளன. ஆயினும் அடிப்படை ஒன்றே. அழுகிப் போக இருந்த ஒன்று, முறையாகப் பதப்படுத்தப்பட்டால், ஆண்டாண்டு உழைக்கும் பொருளாகிவிடுகிறது.

நம் மார்க்கத்திலும் இதற்கு ஒரு சட்டம் உண்டு. இறந்து கிடந்த ஓர் ஆட்டைக் கடந்து சென்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதன் தோலைப் பதனிட்டுப் பயன்படுத்திக் கொள்ளலாகாதா என்று வினவினார்கள். "அது செத்தது ஆயிற்றே!" என்ற பொருளில் தோழர்கள் விடையளித்தபோது, அதனை உண்பது மட்டுமே தடுக்கப்பட்டது என்று தெளிவுபடுத்தினார்கள். பன்றி முதலியவை நீங்கலாக, பதனிடப்பட்ட தோல் தூய்மையாகிவிடுகிறது என்று ஃபிக்ஹு நூல்கள் விவரிக்கின்றன. அரபியில் இதற்குத் 'திபாகத்' என்று பெயர்.

மக்கள் செத்தது என்று ஒதுக்கிய ஒன்றை, பெருமானார் (ஸல்) அவர்கள் பயன்படும் என்று எடுத்துக் காட்டினார்கள். ஒரு தோலுக்கே இந்த நியாயம் உண்டென்றால், சமூகம் ஒதுக்கிவிட்ட ஒரு மனிதனுக்கு எத்தகைய நியாயம் உண்டு?

இந்த வினாவை நாம் எழுப்பக் காரணம் இருக்கிறது. வேலூர் என்றவுடன் கோட்டை நினைவுக்கு வருவது போலவே மத்தியச் சிறையும் நினைவுக்கு வருகிறது. திப்பு சுல்தானின் குடும்பத்தார் 1799க்குப் பிறகு சிறைவைக்கப்பட்டதும் இந்த வேலூர்க் கோட்டையில்தான். ராஜாஜி 1921 டிசம்பரில் அடைக்கப்பட்டு நாட்குறிப்பு எழுதியதும் இந்த வேலூர்ச் சிறையில்தான். அச்சிறையின் தொழிற்கூடத்தில் கைதிகள் காவலர்களுக்கான தோற்காலணிகளைச் செய்கிறார்கள். பதனிட்ட தோலைத் தைக்கும் அந்தக் கைகளுக்குரிய உள்ளங்கள் எப்போது, எவ்வாறு பதப்படும்? அதுவே இன்று நாம் சிந்திக்கப் போவது.

ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். குழியில் போட்டு மூடினால் மட்டும் தோல் பதப்பட்டுவிடாது, அழுகிப் போகும். அதைப் போலவே, சிறை என்பது தன்னளவில் எவரையும் திருத்திவிடாது. உள்ளே ஒரு பதப்படுத்தும் பொருள் வேண்டும். இறைவனின் நினைவும் திருமறை ஓதுதலும் அப்பொருளில் தலையாயவை. அவற்றின் நிழலில், வரலாறு நெடுகிலும், கவிதையும் அந்தப் பணியைச் செய்து வந்திருக்கிறது.

கவிதைக்கு இடமுண்டா?

"கவிஞர்களைத் திருமறை கண்டிக்கிறதே!" என்று சிலர் கேட்கலாம். அஷ்ஷுஅரா எனும் 26ஆம் அத்தியாயத்தின் இறுதி வசனங்கள் திசை தெரியாமல் அலைந்து, செய்யாததைச் சொல்லித் திரியும் கவிஞர்களைக் கண்டிக்கின்றன என்பது உண்மையே. ஆனால் அங்கேயே ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. ஈமான் கொண்டு, நற்செயல் புரிந்து, அல்லாஹ்வை மிகுதியாக நினைவுகூர்ந்து, அநீதி இழைக்கப்பட்ட பின் தம்மைக் காத்துக் கொள்வோர் அக்கண்டனத்தில் சேரார். ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் பெருமானாரின் கவிஞராகவே விளங்கினார்கள். கவிதையில் ஞானமும் உண்டு என்பது நபிமொழியின் கருத்து.

இனி, இஸ்லாமிய வரலாற்றின் தொடக்க காலத்திலேயே இரண்டு கைதிகளைக் காண்கிறோம். ஒருவர் குற்றமற்றவர், மற்றவர் குற்றம் புரிந்தவர்.

முதலாமவர் குபைப் இப்னு அதீ (ரலி). ஹிஜ்ரி 4ஆம் ஆண்டில் ரஜீஃ என்ற இடத்தில் வஞ்சகமாகப் பிடிக்கப்பட்டு மக்காவில் விற்கப்பட்டார்கள். பத்ருப் போரில் தம் தந்தையை இழந்தவர்கள் பழிதீர்க்க அவரை வாங்கிச் சிறைவைத்தனர். அவ்வீட்டுச் சிறு குழந்தை ஒன்று, சவரக் கத்தி கையிலிருந்தபோது, அவர் மடியில் வந்து அமர்ந்துவிட்டது. தாய் பதறினாள். தாம் அத்தகைய செயலைச் செய்பவரல்லர் என்று அவர் அமைதியாகச் சொன்னார். கொலைக் களத்திற்குக் கொண்டு செல்லப்பட்டபோது, இரண்டு ரக்அத் தொழுதார். பின்னர்ச் சில கவிதை அடிகளை உரைத்தார். தாம் முஸ்லிமாக உயிர் துறப்பதே போதும், எப்பக்கம் சாய்ந்தாலும் கவலையில்லை என்பது அவற்றின் சாரம். இதனை புகாரி ஷரீஃபில் காணலாம். அச்சத்தின் உச்சியில் நிற்கும் ஒரு மனிதருக்குத் தொழுகைக்கு அடுத்தபடியாக நாவில் வந்தது கவிதை!

இரண்டாமவர் ஹுதைஆ என்ற கவிஞர். வசை பாடுவதே அவர் வாழ்க்கை. ஸிப்ரிகான் என்ற தலைவரை இழித்துப் பாடியதற்காக உமர் (ரலி) அவர்கள் அவரைச் சிறையிலிட்டார்கள். அங்கிருந்து அவர் ஒரு கவிதை எழுதி அனுப்பினார். இம்முறை வசை இல்லை. தம்மை விட்டால் நாதியற்ற சிறு பிள்ளைகளின் நிலையைச் சொல்லி மன்றாடியிருந்தார். அதைக் கேட்ட உமர் (ரலி) அவர்கள் கண்ணீர் வடித்தார்கள் என்றும், இனி முஸ்லிம்களை இழித்துரைப்பதில்லை என்று உறுதி பெற்று விடுவித்தார்கள் என்றும் வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். எந்த நாவு குற்றம் செய்ததோ அதே நாவு மன்றாடவும் கற்றுக் கொண்டது. சிறைக்குள் போன கவிதை வேறு; வெளியே வந்த கவிதை வேறு.

திரிகை சுற்றிய கவிஞர்

இனி நம் நாட்டுக்கு வருவோம். வாணியம்பாடி, ஆம்பூர் முஷாயிராக்களில் இரவு நெடுநேரம் அமர்ந்து உருதுக் கவிதை கேட்டவர்களுக்கு மௌலானா ஹஸ்ரத் மோஹானியின் பெயர் புதிதன்று. உருது அறியாத தமிழ்க் குடும்பங்களிலும், 1982இல் வெளிவந்த 'நிகாஹ்' என்ற இந்தித் திரைப்படத்தின் வழியாக அவருடைய கஸல் ஒன்றைச் செவிமடுத்தவர் பலர் இருப்பர். கண்ணீரோடு பழைய அன்பை எண்ணிப் பார்க்கும் அந்த மென்மையான பாடலை இயற்றியவர் எத்தகைய சிறைகளைக் கண்டவர் என்பதைத்தான் பலரும் அறியார்.

அவருடைய இயற்பெயர் ஸையித் ஃபஸ்லுல் ஹஸன். இன்றைய உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்திலுள்ள மோஹான் அவருடைய ஊர். அலிகரில் கல்வி பயின்று, 1903இல் 'உர்தூயே முஅல்லா' என்ற இதழைத் தொடங்கினார். எகிப்தில் ஆங்கிலேயர் கையாண்ட கொள்கையைச் சாடிய கட்டுரையொன்று எழுதியவர் பெயரின்றி அதில் வெளிவந்தது. 1908இல் அரசு வழக்குத் தொடுத்தது. எழுதியவரின் பெயரைச் சொல்லிவிட்டால் அவர் தப்பியிருக்கலாம். அவர் சொல்லவில்லை; பொறுப்பைத் தாமே ஏற்றார். இரண்டாண்டுக் கடுங்காவலும் 500 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டில் தண்டனை ஓராண்டாகக் குறைந்தது. அபராதத்திற்காக, அவர் அரும்பாடுபட்டுச் சேர்த்த நூல்கள் மிகச் சொற்ப விலைக்கு ஏலம் போயின.

அந்நாளில் அரசியல் கைதி என்ற தனி மதிப்பு கிடையாது. திருடனுக்கும் கொலைகாரனுக்கும் தரும் வேலைதான் பட்டதாரிக்கும். அலகாபாத்தின் நைனிச் சிறையில் அவருக்குக் கிடைத்தது மாவரைக்கும் திரிகை. வடநாட்டு அளவில் நாளொன்றுக்கு ஒரு மன், அதாவது ஏறத்தாழ 37 கிலோ தானியத்தை அரைத்துத் தர வேண்டும். பேனா பிடித்த விரல்கள் கொப்புளித்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். ஆனால் திரிகை சுழலச் சுழல, உள்ளே கவிதையும் சுழன்றது. கவிதைப் பயிற்சியும் திரிகை உழைப்பும் ஒருங்கே நடக்கின்றன என்று அவரே ஓர் ஈரடியில் தம்மைப் பற்றி வியந்து, சற்று நகைத்தும் கொள்கிறார். அந்த நகைப்பைக் கவனியுங்கள். தன் துயரத்தைச் சற்றுத் தள்ளி நின்று பார்க்க முடிந்தவனுக்குத்தான் நகைப்பு வரும். அது நோய் ஆறத் தொடங்கியதன் அடையாளம்.

அவ்வாண்டு ரமளானும் சிறையிலேயே வந்தது. ஸஹருக்கும் இஃப்தாருக்கும் எந்த ஏற்பாடும் இல்லாத நிலையிலும் அம்மாதம் கழிந்துவிட்டதை அவர் ஒரு கவிதையில் குறிப்பிடுகிறார். ஏச்சும் இல்லை, புலம்பலும் இல்லை. நோன்பு நோற்றாயிற்று என்ற நிறைவே அங்கு மேலோங்கி நிற்கிறது. நோன்புக் கஞ்சியில் உப்புக் குறைந்தால் முகம் சுளிக்கும் நாம் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவர் கைதானபோது வீட்டில் கைக்குழந்தை நோயுற்றிருந்தது. ஆயினும் அவருடைய மனைவி நிஷாத்துன்னிஸா பேகம், வீட்டைப் பற்றியோ தம்மைப் பற்றியோ கவலைப்படாமல் உறுதியோடு இருக்குமாறு கணவருக்குக் கடிதம் எழுதினார். சிறைக்குள் கவிதை தழைக்க, வெளியே ஓர் உள்ளம் தளராமல் நின்றது. இதனை வாசிக்கும் சகோதரிகள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டிய செய்தி இது.

1916இலும் 1922இலும் மீண்டும் அவர் கைதானார். 1921இல் அகமதாபாத் காங்கிரஸ் மாநாட்டில் முழு விடுதலைத் தீர்மானத்தை முன்மொழிந்து, காந்தியடிகளே ஏற்காதபோதும் தம் கருத்தில் நின்றவர் அவர். பின்னர் அரசியல் நிர்ணய சபை உறுப்பினராகவும் இருந்தார். 1951 மே 13இல் லக்னோவில் காலமானார். இத்தனைச் சிறைவாசத்திற்குப் பின்னும் அவருடைய கஸல் கசந்து போகவில்லை. அன்பையும் பிரிவையும் பாடும் மென்மை இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை. சிறை அவர் உடலை வாட்டியது. உள்ளத்தைக் கருங்கல்லாக்க அதனால் இயலவில்லை.

கஸல் என்ற அந்த வடிவத்தைத் தமிழில் பரப்பியவர்களுள் முதன்மையானவர் கவிக்கோ அப்துல் ரகுமான். 2017இல் மறைந்த அவர், வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் நெடுங்காலம் தமிழ் கற்பித்தவர் என்பது இவ்வட்டாரத்திற்குப் பெருமை.

அதே ஆண்டில் ஒரு செக்கு

ஹஸ்ரத் மோஹானி திரிகை சுற்றத் தொடங்கிய அதே 1908இல், நம் தமிழகத்தில் கோவைச் சிறையில் வ.உ. சிதம்பரம் பிள்ளை செக்கிழுத்தார். அவருடைய சுதேசிக் கப்பல் நிறுவனத்திற்கு ஹாஜி பக்கீர் முகம்மது சேட் 8,000 பங்குகளை 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கித் துணைநின்றதை முஸ்லிம் சமுதாயம் மறக்கலாகாது.

கோவையிலிருந்து அவர் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார். அங்கே உடனிருந்த கைதிகளுக்கு அறநெறிகளை எடுத்துரைத்தார். அவற்றைச் செய்யுளில் அமைத்தார். 'மெய்யறிவு', 'மெய்யறம்' என்ற நூல்கள் அவ்வாறு பிறந்தவை. 1912 டிசம்பரில் விடுதலையானார்.

இருவரும் வெவ்வேறு சமயத்தார், வெவ்வேறு மொழியினர். ஒருவர் கையில் திரிகை, மற்றவர் தோளில் செக்கு. ஒருவர் தம் உள்ளத்தைப் பாடினார்; மற்றவர் உடனிருந்தோருக்காகப் பாடினார். சிறையில் இருந்தபடியே பிறருக்குப் பயன்பட்டவர் நம் நபி யூஸுஃப் (அலை) அவர்களும் அல்லவா! கனவுக்கு விளக்கம் கேட்டு வந்த இரு கைதிகளுக்கு, விளக்கம் சொல்வதற்கு முன்பே ஓரிறைக் கொள்கையை எடுத்துரைத்ததைத் திருமறையின் 12ஆம் அத்தியாயம் விவரிக்கிறது. துன்பத்தில் இருப்பவன் பிறர் துன்பத்துக்குச் செவி கொடுக்கும்போது அவனுடைய துன்பமும் பாதியாகிவிடுகிறது.

நினைவு என்னும் கட்டுச்சோறு

மதரஸாவில் அரபிச் சொல்லிலக்கணம் கற்ற நாட்களில் 'இல்முஸ் ஸீகா' என்ற நூலோடு மல்லுக்கட்டியது எமக்கு நினைவிருக்கிறது. வினைச்சொல் வாய்பாடுகளை மனனம் செய்ய முடியாமல் திணறிய எமக்கு, அந்த நூல் பிறந்த இடம் எது என்று உஸ்தாத் ஒருநாள் சொன்னார்கள். அந்தமான் தீவு! 1857 புரட்சிக்குப் பின் நாடு கடத்தப்பட்ட முஃப்தி இனாயத் அஹ்மத் காகோரவி அவர்கள், கையில் நூல்கள் இல்லாத நிலையில், நினைவிலிருந்தே அதனை எழுதினார்கள். அன்று முதல் அந்த நூல் எமக்குச் சுமையாகத் தோன்றவில்லை.

அதே அந்தமானில்தான் அல்லாமா ஃபஸ்லுல் ஹக் கைராபாதி அவர்கள் 1859 முதல் கைதியாக இருந்தார்கள். பேரறிஞர், தத்துவ மேதை. அங்கே அவர்கள் அரபியில் கஸீதாக்களை இயற்றினார்கள். துணித் துண்டுகளிலும் கிடைத்த தாள்களிலும் கரியால் எழுதினார்கள். விடுதலை பெற்ற இனாயத் அஹ்மத் அவர்கள் வழியாக அவை தாயகம் வந்து சேர்ந்தன. எழுதியவர் வரவில்லை. 1861இல் அந்தமானிலேயே அடங்கிவிட்டார்கள்.

அண்மைக் காலத்திலும் இந்நிகழ்ச்சி மீண்டிருக்கிறது. குவாண்டனாமோ முகாமில் விசாரணையின்றி அடைக்கப்பட்டிருந்த 17 கைதிகளின் 22 கவிதைகள் 2007இல் அமெரிக்காவில் ஒரு தொகுப்பாக வெளிவந்தன. தொடக்கத்தில் எழுதுகோல் மறுக்கப்பட்ட நிலையில், உணவோடு வந்த கோப்பைகளில் கீறி எழுதியவர்களும் அவர்களுள் உண்டு.

கவிதை ஏன் இப்படிச் சிறையில் துளிர்க்கிறது? சிறை வாயிலில் சோதனை செய்வோர் பணத்தை எடுக்கலாம், நூலை எடுக்கலாம், மனனம் செய்ததை எடுக்க முடியாது. இதுவே முதற் காரணம்.

இரண்டாவதாக, கவிதைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. கலங்கிய மனத்தில் எண்ணங்கள் தறிகெட்டு ஓடும். அவற்றை அளவுக்கும் சந்தத்துக்கும் உட்படுத்த முயலும்போது, எந்தச் சொல் உண்மை, எந்தச் சொல் மிகை என்று நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. தன் செயலையும் அவ்வாறே நிறுத்துப் பார்க்கும் பழக்கம் மெல்ல வருகிறது. நம் பெரியார்கள் 'முஹாஸபா' என்று சொல்லும் தன்கணக்கு இதுதான்.

மூன்றாவதாக, கவிதைக்குக் கேட்பவர் ஒருவர் வேண்டும். ரோமானியரிடம் 962 முதல் 966 வரை கைதியாயிருந்த அபூ ஃபிராஸ் என்ற அரபுக் கவிஞர், மன்பிஜ் நகரிலிருந்த தம் வயது முதிர்ந்த தாயை விளித்தே உருக்கமாகப் பாடினார். நம் இல்லங்களில் பெண்கள் ஓதும் முனாஜாத்துகளோ அல்லாஹ்வை நோக்கியே பாடப்படுபவை. கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கை உடையவன் தனிமையில் அழுகிப் போவதில்லை.

ஆயினும் எச்சரிக்கையும் தேவை. எல்லாக் கவிதையும் மருந்தாகிவிடாது. பழிவாங்கும் எண்ணத்தையே திரும்பத் திரும்பப் பாடினால் புண் ஆறாது; புரையோடும். ஹுதைஆவின் பழைய வசைக் கவிதைகளும் சந்தம் பிழையாதவைதாம். குற்றம் புரிந்தவன் தன் குற்றத்தை அழகிய சொற்களால் மூடிக் கொள்வதும் உண்டு. பாதிக்கப்பட்டவர்களின் உரிமையைத் திருப்பிக் கொடுக்காமல் தவ்பா நிறைவேறாது என்பது மார்க்கச் சட்டம். கவிதை தவ்பாவின் வாசல்வரை அழைத்துச் செல்லலாம். உள்ளே அடியெடுத்து வைக்க வேண்டியவன் மனிதனே.

நம் கடமை

இனி, வாசகர்களே, நம்மைப் பற்றிப் பேசுவோம். நம் தெருவில் ஒரு வீட்டுப் பிள்ளை சிறைக்குச் சென்றுவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? அவ்வீட்டின் கல்யாண அழைப்பு குறைகிறது. அத்தாவின் ஸலாமுக்குப் பதில் மெலிகிறது. உம்மா மய்யித்து வீட்டுக்குச் செல்லவும் கூசுகிறார். தீர்ப்பே வராத விசாரணைக் கைதியாக இருந்தாலும் ஊர் தன் தீர்ப்பை முதலிலேயே எழுதிவிடுகிறது. பின்னர் அவன் திரும்பி வந்தால், தோல் மண்டியிலோ காலணித் தொழிற்சாலையிலோ வேலை கேட்டுப் போகும்போது, பழைய கதையே அவனுக்கு முன்னால் போய் நிற்கிறது. செத்த ஆட்டின் தோலைப் பதனிட்டுப் பணமாக்கத் தெரிந்த நமக்கு, உயிருள்ள மனிதனைப் பதப்பட விடத் தெரியவில்லையே!

நாம் செய்யக் கூடியவை சில உண்டு. உள்ளே இருப்பவருக்குக் கடிதம் எழுதுங்கள், ஏச்சில்லாத கடிதம். சிறை விதிகள் அனுமதிக்கும் வழியில் நல்ல நூல்களைச் சேர்ப்பியுங்கள். சென்னைப் புத்தகக் காட்சியில் 'கூண்டுக்குள் வானம்' என்ற பெயரில் சிறை நூலகங்களுக்காகப் பொதுமக்களிடமிருந்து நூல்களைத் தமிழகச் சிறைத்துறை 2023இல் பெற்றது. மார்க்க நூல்களோடு ஒரு கவிதை நூலையும் சேர்த்துக் கொடுத்தால் அது வீண்செலவன்று. அவர் ஏதேனும் எழுதியனுப்பினால், இலக்கணம் பிழை என்று எள்ளாமல் படித்துப் பதில் எழுதுங்கள். மனைவியின் ஒரு கடிதம் ஹஸ்ரத்துக்கு எத்தகைய வலிமையைத் தந்தது என்பதை மறவாதீர்கள்.

இன்னொன்று, நம் பிள்ளைகளுக்கு. திருமறை அத்தியாயங்களோடு நல்ல பாடல்கள் சிலவற்றையும் மனப்பாடம் செய்யக் கற்றுக் கொடுங்கள். கைப்பேசியில் எல்லாம் இருக்கிறது என்பார்கள். கைப்பேசி எடுத்துக் கொள்ளப்படும் இடங்களும் வாழ்க்கையில் உண்டு. மருத்துவமனைக் கட்டில் அத்தகையது. தனிமையும் முதுமையும் அத்தகையவை. பக்கவாதத்தால் படுக்கையில் வீழ்ந்த இமாம் பூஸூரி (ரஹ்) அவர்கள் அந்நிலையில் இயற்றிய கஸீதாவே, நம் இல்லங்களில் இன்றும் ஓதப்படும் புர்தா ஷரீஃப். அதன் பரக்கத்தால் அவர்கள் நலம் பெற்றதாகப் பெரியோர் உரைப்பர். நெஞ்சில் உள்ளதே அத்தகைய நாட்களுக்கான கட்டுச்சோறு.

சிறையிலிருந்து ஒருவர் திரும்பி வரும் நாளில், நம் பள்ளிவாசல் ஸஃப்பில் அவருக்காகச் சற்று நகர்ந்து இடம் விடுவோம். பதப்பட்ட தோலைப் பார்த்து, இது முன்பு எவ்வாறு இருந்தது என்று நாம் கேட்பதில்லை.

சிறைப்பட்டோரின் உள்ளங்களில் அமைதியையும், அவர்களுடைய நாவில் உண்மையையும், அவர்கள் வரவை எதிர்நோக்கும் இல்லங்களில் பொறுமையையும், நம் அனைவரின் நெஞ்சிலும் இரக்கத்தையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.